திருவொற்றியூரிலிருந்து இமயத்திற்கு: ஒரு வழிநூலின் வரலாறு

2017-ஆம் ஆண்டு ஐப்பசியில் ஒரு நாள். மூன்று நாள்களாக விடாது பெய்த மழை அன்று காலையில்தான் சற்றே ஓய்ந்திருந்தது. கூத்தாநல்லூரிலிருந்து நாம் பணியாற்றும் கல்லூரிக்கு வரும் வழியில் பாதித் தொலைவுக்குச் சாலை எது, வாய்க்கால் எது என்று பிரித்தறிய இயலாதபடி நீர் நின்றது. பேருந்துகள் ஓடவில்லை. முதுகலை வகுப்பில் நால்வர் மட்டுமே இருந்தனர். ஐந்தாவதாக ஒருவர், முழங்கால் வரை சேறு அப்பிய கால்களுடன் வாசலில் வந்து நின்று அனுமதி கேட்டார். "பஸ்தான் ஓடவில்லையே, எப்படியப்பா வந்தாய்?" என்றோம். அவர் வெளியே வேப்பமரத்தடியைக் காட்டினார். அங்கே ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. சக்கரங்களும் சங்கிலியும் தொட்டியும் வண்டல் பூசிக் கிடந்தன. சேற்றினூடே ஒரு சொல் மட்டும் தெளிவாகத் தெரிந்தது: ஹிமாலயன்.

மலை என்பதைக் கண்ணால் காணாத ஊர் நம்முடையது. கடல்மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரத்தில் கிடக்கும் வயல்வெளி. ஆற்றங்கரைதான் எங்களுக்கு மேடு. அதை விட்டால் கோபுரமும் பள்ளிவாசல் மினாராவும். ஆனால் இந்தச் சமவெளியின் கற்பனைக்கு இமயம் ஒருநாளும் தொலைவாக இருந்ததில்லை. கரிகாலன் அங்கே புலி பொறித்தான் என்றார்கள். கயிலை காணப் புறப்பட்டு, நடந்தும் தவழ்ந்தும் உடல் தேய்ந்த அப்பர் வடக்கே ஒரு பொய்கையில் மூழ்கி, திருவையாற்றுக் குளத்தில் எழுந்தார் என்று பெரியபுராணம் சொல்கிறது. போன பயணம் இமயத்திற்கு, வந்து சேர்ந்த இடம் காவிரிக்கரை. நம் மாணவரின் வண்டியும் அப்படித்தான் வந்து நின்றது.

அன்று நாம் நடத்த வேண்டியிருந்த பாடம் நன்னூல்ப் பாயிரம். நூல் மூவகைப்படும்: முதல்நூல், வழிநூல், சார்புநூல். முன்னோன் நூலின் முடிபை ஏற்றுக்கொண்டு, பின்வந்தவன் தான் வேண்டிய வேறுபாட்டைச் சேர்த்துச் செய்வது வழிநூல். முதலோடும் வழியோடும் சிறிது ஒத்து, மற்றதில் வேறுபட்டு நிற்பது சார்புநூல். பாடம் முடிந்ததும் சேற்றுக்கால் மாணவர் எழுந்து, "ஐயா, அப்படியானால் என் வண்டி முதல்நூலா, வழிநூலா?" என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்துவிட்டு மணி அடித்ததைச் சாக்காக வைத்துக்கொண்டு வெளியேறினோம். ஆனால் கேள்வி விடவில்லை. மோட்டார் சைக்கிளைப் பற்றி இங்கே எழுத நேர்ந்ததற்கு அக்கேள்வியே காரணம். பொறியியல் அறியாத தமிழாசிரியரின் காலந்தாழ்ந்த விடையாக இதைக் கொள்க.

*

முதலில் இனத்தைச் சொல்லிவிடுவோம். தார்ச்சாலையில் நெடுந்தூரம் ஓடவும், தார் முடிந்த இடத்தில் கல்லிலும் மணலிலும் சேற்றிலும் தொடர்ந்து போகவும், இரண்டுக்கும் சேர்த்துச் செய்யப்பட்ட வண்டியை ஆங்கிலத்தில் டூயல் ஸ்போர்ட் டூரர் என்கிறார்கள். எங்கள் துறைச்சொல்லில் கூறுவதானால் திணைமயக்கம் அறிந்த வண்டி. மருதத்தில் புறப்பட்டுப் பாலை கடந்து குறிஞ்சியில் ஏற வேண்டும்.

இத்தகைய வண்டி ஏன் வேண்டும் என்பதற்கு இலக்கிய வாசகர்களுக்குப் பழக்கமான சான்று ஒன்று உண்டு. 1952-இல் சே குவேராவும் அல்பெர்தோ கிரனாடோவும் தென்னமெரிக்காவைச் சுற்றப் புறப்பட்ட நார்ட்டன் 500, சாலைக்குச் செய்யப்பட்டது. கப்பியிலும் மணலிலும் விழுந்து விழுந்து, கட்டுக்கம்பியால் கட்டப்பட்டு, சிலி நாட்டில் ஒரேயடியாக ஓய்ந்தது. மீதிப் பயணம் லாரியிலும் கப்பலிலும் கால்நடையாகவும் நடந்தது. வண்டி நன்றாக ஓடியிருந்தால் அந்த மனிதர்களை அவர் சந்தித்திருக்க மாட்டார் என்பது வேறு செய்தி.

1968-இல் ஜப்பானின் யமஹா நிறுவனம் டி.டி-1 என்ற எடை குறைந்த வண்டியைக் கொண்டுவந்து, காட்டுக்கும் சாலைக்கும் ஒன்றே போதும் என்று காட்டியது. 1980-இல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ, ஆர்80 ஜி/எஸ் என்பதை வெளியிட்டது. ஜி என்பது வெட்டவெளி நிலத்தையும் எஸ் என்பது சாலையையும் குறிக்கும் ஜெர்மன் சொற்களின் முதலெழுத்துகள். நடுவே இருக்கும் சாய்கோடுதான் எல்லாம். அடுத்த ஆண்டே அது பாரிஸ் - டாக்கர் பாலைவனப் பந்தயத்தில் வென்றது. அதன் வழித்தோன்றல்கள் ஆண்டுக்கு ஆண்டு பெருத்து, விலையும் எடையும் ஏறி, ஐரோப்பியச் செல்வர்களின் வாகனமாயின. வயல்சேற்றில் சாய்ந்துவிட்டால் ஒற்றை ஆளாகத் தூக்கி நிறுத்த முடியாத வண்டியை நம் ஊரில் எவரும் வண்டி என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

இனி நம் கதைக்கு வருவோம். அது சென்னைக்கு வடக்கே, திருவொற்றியூரில் தொடங்குகிறது.

காவிரிப்பூம்பட்டினத்தில் பிறந்த பட்டினத்தார் எல்லாவற்றையும் துறந்து வந்து அடங்கிய ஊர் திருவொற்றியூர். அதே கடற்கரையில் 1955-இல், இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா என்னும் நிறுவனத்தை அமைத்தன. காரணம் எல்லைக்காவல். விடுதலைக்குப் பிறகு நீண்ட எல்லையைச் சுற்றிவரப் படைக்கு ஒரு மோட்டார் சைக்கிள் தேவைப்பட்டது. புல்லட் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1954-இல் 350 சி.சி. வண்டிகள் 800 வேண்டும் என்று அரசு கேட்டிருந்தது. 1956-இல் தொழிற்சாலை திறந்தது. தொடக்கத்தில் உதிரி பாகங்கள் கப்பலில் வந்தன, இங்கே பூட்டினார்கள். அவ்வாண்டு முடிய 163 வண்டிகள். பின்னர் அச்சுகளும் கருவிகளும் இங்கேயே வந்து, 1960-களின் தொடக்கத்தில் பாகங்கள் அனைத்தும் சென்னையிலேயே ஆகத் தொடங்கின. சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பு. மொழிபெயர்ப்பையும் வழிநூல் வகையுள் ஒன்றாகத் தொல்காப்பியர் வைத்திருப்பதால் தாழ்வாகச் சொன்னதாகக் கொள்ள வேண்டாம்.

இதற்குப் பிறகு நடந்தது விந்தை. 1967-இல் ரெட்டிச் தொழிற்சாலை மூடப்பட்டது. 1970-இல் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு உற்பத்தியே நின்றது. மூலம் மறைந்தது; வழிநூல் மட்டும் திருவொற்றியூரில் நாள்தோறும் படியெடுக்கப்பட்டுக்கொண்டிருந்தது. குணாட்டியர் பைசாச மொழியில் செய்ததாகச் சொல்லப்படும் பிருகத்கதை கிடைக்கவில்லை. அதன்வழிப் பிறந்த கொங்குவேளிரின் பெருங்கதை, தலையும் வாலும் சிதைந்தாலும், நம் கையில் இருக்கிறது. உ.வே.சாமிநாதையர் அதைப் பதிப்பித்த வரலாறு தெரிந்தவர்களுக்கு, 1977-இல் சென்னைப் புல்லட்டுகள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாகத் தொடங்கிய செய்தி எத்தகைய உணர்வைத் தரும் என்று விளக்க வேண்டியதில்லை. மூலத்தின் நாட்டார் தம் நூலை வழிநூலில் படித்தார்கள்.

ஆனால் மூலம் மறைந்தபின் ஒரு சிக்கல் உண்டு. படியெடுப்பவன் கைவைக்க அஞ்சுகிறான். எழுத்துப்பிழையையும் சேர்த்தே எழுதுகிறான். புல்லட்டின் சிலிண்டர் 70 மில்லிமீட்டர் அகலம்; பிஸ்டன் ஏறியிறங்கும் வீச்சு 90 மில்லிமீட்டர்; கொள்ளளவு 346 சி.சி. தந்த ஆற்றல் 18 குதிரைத்திறன். அகலத்தைவிட வீச்சு நீண்டிருப்பதால் மெல்லச் சுழன்றாலும் நல்ல இழுவை. அந்த 'டப் டப்' ஓசையும் அதிலிருந்து வருவதே. கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில். உலகம் முழுவதும் இடம் மாறிய பிறகும் திருவொற்றியூரில் பல பத்தாண்டுகள் மாறவில்லை.

நம் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு சபுராளி இருந்தார். கடல் கடந்து பிழைப்பவர்களை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். பயணத்தைக் குறிக்கும் 'சபர்' என்னும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போய்வந்த தலைமுறையால் கூத்தாநல்லூருக்குச் 'சின்ன சிங்கப்பூர்' என்றே பெயர் உண்டு. அவர் விடுமுறைக்கு வரும் மாதங்களில் மட்டும் வீட்டுத் திண்ணைக்கு அருகே புல்லட்டின் மேல் போர்த்திய சாக்குத்துணி விலகும். எங்கள் தெருச் சிறுவர்களுக்கு அதுவே திருவிழா. உதைத்ததும் கிளம்புகிற வண்டியல்ல அது. முதலில் சாவியைத் திருப்ப வேண்டும். முகப்பில் இருக்கும் அம்மீட்டர் முள்ளைப் பார்த்தபடி உதைகட்டையை மெல்ல அழுத்த வேண்டும். முள் நடுவுக்கு வந்ததும் நிறுத்தி, இடக்கைப் பக்கமுள்ள சிறு நெம்புகோலைப் பிடித்து உள்ளழுத்தத்தை வெளியேற்றி, உதைகட்டையை ஒரு விரற்கடை இறக்கி, நெம்புகோலை விட்டு, கட்டையை மேலே வரவிட்டு, அதன்பின் முழு உடலின் எடையையும் வைத்து ஓர் உதை. வரிசை பிசகினால் கட்டை திருப்பி அடிக்கும். கணுக்கால் போகும். "மாமா, முள் நடுவில் வந்துவிட்டது!" என்று கூவுவது எட்டு வயதில் நமக்கு அளிக்கப்பட்ட பொறுப்பு. சூத்திரத்தை உரையின்றிப் பயில முடியாது என்பதை முதலில் கற்றது அங்கேதான்.

*

இந்த வண்டி இமயத்திற்குப் போனது எப்படி? படையோடு போனது. பின்னர் படை அமைத்த சாலைகளில் பயணிகளோடு போனது. எல்லைச் சாலைகள் நிறுவனம் 1960-இல் தொடங்கப்பட்டது. லடாக்கில் லே நகருக்கு வடக்கே உள்ள கர்துங் லா கணவாய்க்கு 1976-இல் சாலை அமைந்தது. 1988-இல் பொது வாகனங்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அதன் பிறகு தமிழ்நாட்டு இளைஞர்களுக்கும் அது ஒருவகைக் காசியாயிற்று. 1997-இல், விடுதலைப் பொன்விழாவை முன்னிட்டு, நாற்பது ஓட்டுநர்கள் திருவொற்றியூர்த் தொழிற்சாலையிலிருந்து கர்துங் லா வரை புல்லட்டில் சென்றனர்.

அந்த மலைக்குப் புல்லட் ஏற்ற வண்டியா என்றால், இல்லை. கர்துங் லாவில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறத்தாழப் பாதி. கார்புரேட்டருக்கு அது தெரியாது. கீழே கலந்த அளவிலேயே மேலேயும் பெட்ரோலைக் கலந்துகொடுக்கும். காற்றுப் போதாமல் இயந்திரம் கரும்புகை கக்கித் திணறும். தரைக்கும் அடிவயிற்றுக்கும் இடைவெளி குறைவு. பின்சக்கர அதிர்வுதாங்கிகள் கையளவே அசையும். சுமை ஏற்றினால் பின்சட்டம் விரிசல் காணும். இருந்தும் அதில்தான் போனார்கள். ஏனெனில் மெதுவான சுழற்சியிலும் அது இழுத்தது. அதைவிட முக்கியமாக, மணாலியிலிருந்து லே வரை வழியிலுள்ள பட்டறைக்காரர்களுக்கு அதைப் பிரிக்கவும் கோக்கவும் தெரிந்திருந்தது. வெல்டிங் வைத்த தழும்பு இல்லாமல் திரும்பிய வண்டிகள் குறைவு என்பார்கள். ஊர் மக்களும் ஓட்டுநர்களுமாகச் சேர்ந்து, ஒரு பிரதியின் ஓரங்களில் அரும்பத உரை எழுதி நிரப்பிக்கொண்டே போன காலம் அது. புதிய நூலுக்கான தேவை அந்த ஓரக்குறிப்புகளில் கிடந்தது, எழுதத்தான் ஆளில்லை.

ஆளில்லாததற்குக் காரணம் வறுமை. 1990-இல் ஈச்சர் குழுமம் உள்ளே வந்து, 1994-இல் நிறுவனம் ராயல் என்ஃபீல்டு மோட்டார்ஸ் என்று பெயர் மாறியது. 2000-ஆம் ஆண்டு வாக்கில் இதை விற்றுவிடலாமா, மூடிவிடலாமா என்ற பேச்சு குழுமத்தில் எழுந்தது. இருபத்தாறு வயதான சித்தார்த்த லால் பொறுப்பேற்றுக் காலக்கெடு வாங்கினார். அதன்பின் புதிய இயந்திரங்கள், கிளாசிக் வண்டியின் பெருவெற்றி, 2013-இல் ஒரகடத்தில் புதிய தொழிற்சாலை என்று நடந்தவை வணிக ஏடுகளில் விரிவாக எழுதப்பட்டுவிட்டன. கையில் பணம் வந்தபோது நிறுவனம் என்ன செய்தது என்பதே நமக்கு வேண்டியது.

2016 பிப்ரவரி 2 அன்று டெல்லியில் ஹிமாலயன் அறிமுகமானது. அடுத்த மாதம் சுமார் ஒன்றரை லட்சம் ரூபாய் விலையில் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன் இந்தியாவில் இவ்வினம் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. 2011-இல் ஹீரோ நிறுவனம் இம்பல்ஸ் என்ற 150 சி.சி. வண்டியைக் கொண்டுவந்தது; நல்ல வண்டிதான், மலையேற வலுவில்லாமல் சில ஆண்டுகளில் நின்றுபோனது.

ஹிமாலயனைச் செய்தவர்கள் மேலைநாட்டு இலக்கணத்தைத் தலைகீழாக்கினார்கள் என்பதே நம் கணிப்பு. அங்கே ஆற்றல்தான் முதற்பொருள். பிறவெல்லாம் அதைத் தொடர்ந்து வரும். இங்கே முதலில் கேட்டது, இந்த வண்டி எவ்வளவு குறைவாக இருக்கலாம் என்று. 411 சி.சி. கொள்ளளவுக்கு 24.5 குதிரைத்திறன் மட்டுமே. பிற நாடுகளில் அந்த எண்ணைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. ஆனால் 32 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, இயந்திரம் நிதானமாகச் சுழலும்போதே கிடைத்துவிடும். செங்குத்தான கல்வழியில், பின்னால் மூட்டையும் முன்னால் பள்ளமுமாக நிற்பவனுக்கு வேண்டியது அதுதான். முன்சக்கரம் 21 அங்குலம். குழிக்குள் விழாமல் குழியின் மேல் உருண்டு செல்ல. முன்புற அதிர்வுதாங்கி 200 மில்லிமீட்டர் அசையும், பின்புறம் 180. புல்லட்டின் இரட்டைச் சுருள்வில் போய், அந்நிறுவனத்தின் வண்டிகளிலேயே முதன்முதலாக ஒற்றை அதிர்வுதாங்கி பின்னே வந்தது. தரைக்கு மேல் 220 மில்லிமீட்டர் இடைவெளி.

இவ்வளவும் உயர்த்திவிட்டு, இருக்கையை மட்டும் 800 மில்லிமீட்டரில் நிறுத்திவிட்டார்கள். நம்மைக் கேட்டால் இந்த வண்டியின் தலைசிறந்த வரி இதுதான். இவ்வினத்து மேலை வண்டிகள் நெட்டையர்களுக்கானவை. ஐந்தரையடி ஆள் ஏறினால் கால்விரல் நுனிதான் தரையைத் தொடும். சேற்றில் வழுக்கும் கணத்தில் பாதம் முழுதாக ஊன்ற முடியுமா என்பது நடை அழகைப் பற்றிய கேள்வியன்று, எலும்பைப் பற்றியது. நம் நாட்டு மனிதனின் உயரத்தை அளந்து எழுதிய வரி அது.

பெட்ரோல் தொட்டியின் இருபுறமும் இரும்புச் சட்டங்கள். தண்ணீரோ பெட்ரோலோ கேனில் அடைத்துக் கட்டிக்கொள்ள. முகப்பில் திசைகாட்டி. எண்ணெயைப் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றினால் போதும் என்ற ஏற்பாடு, பட்டறையே இல்லாத நெடுவழியை நினைத்துச் செய்தது. இயந்திரம் முற்றிலும் புதிது. புல்லட் குடும்பத்தின் ஒரு திருகாணியும் அதில் இல்லை. ஆயினும் சிலிண்டர் அகலம் 78, வீச்சு 86. வீச்சு இன்னும் நீளந்தான். குளிர்விப்பதும் காற்றும் எண்ணெயுமே. ஒற்றைச் சிலிண்டர். பாட்டன் முகம் பேரனில் தெரிவதுபோல.

அப்படியானால் முதல்நூலா? வண்டியின் எலும்புக்கூடான சட்டகத்தை உருவாக்கியது ஹாரிஸ் பெர்ஃபார்மன்ஸ் என்னும் இங்கிலாந்து நிறுவனம். 2015-இல் ராயல் என்ஃபீல்டு அதையே வாங்கிக்கொண்டது. டுகாட்டியில் பெயர்பெற்ற பியர் டெர்ப்ளான்ஷ் அக்காலத்தில் வடிவமைப்புப் பிரிவில் இருந்தார். இமயத்து வழிகளில் ஓட்டிய பல்லாண்டு அனுபவமும் ஒரகடத்துக் கைகளும் இந்தியருடையவை. தொல்காப்பிய மரபில், முதல்நூல் செய்யத் தக்கவன் வினைத்தொடர்பு அறுத்த ஒருவனே. மோட்டார் தொழிலில் அப்படியொருவரைத் தேடிக் காலத்தை வீணாக்க வேண்டியதில்லை. முன்னோனோடு சிறிது ஒத்து, பெரிதும் வேறுபட்டு, தன் நிலத்தின் தேவையிலிருந்து எழுந்ததால் இதைச் சார்புநூல் என்றே நாம் வகுப்போம். வகுப்பில் சொல்லியிருக்க வேண்டிய விடை இதுதான். சார்புநூல் என்றால் மூன்றாந்தரம் என்று நினைக்கும் பழக்கம் நம் மாணவர்களிடையே உண்டு. பாடத்திட்டத்தின் குறை அது.

பிழைகள் இல்லாமலில்லை. 2016-இல் வந்த முதல் வண்டிகளை வாங்கியவர்கள் பலர் குறைகளை எழுதிக் குவித்தனர். முதற்பதிப்பைப் பணங்கொடுத்து வாங்கியவர்களே மெய்ப்புத் திருத்துநர்களாகவும் ஆன நிலை. அதை நியாயப்படுத்த நாம் முன்வரமாட்டோம். 2017 ஏப்ரலில் பி.எஸ்.4 மாசு விதி நாடெங்கும் வந்தபோது கார்புரேட்டர் நீங்கி, மின்னணு எரிபொருள் செலுத்தி வந்தது. மலையின் காற்றுக்குறைவை அறிந்து பெட்ரோலைக் குறைத்துக்கொள்ள இயந்திரத்துக்குத் தெரிந்தது. திருத்திய பதிப்பு அது. நம் மாணவருடையதும் அதுவே. 2020-இல் ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் தென்கொரியாவிலும் சுமார் 15,200 வண்டிகளைப் பிரேக் பாகத்தின் அரிப்புக்காகத் திரும்ப அழைக்க நேர்ந்தது. பனியை உருக்க அங்கே சாலையில் உப்புத் தூவுகிறார்கள். இமயத்தை நினைத்தவர்கள் அந்த உப்பை நினைக்கவில்லை. 2021 டிசம்பரில் இரண்டு ஹிமாலயன்கள், சங்கிலிச் சக்கரத்தின் பற்களும் டயர்களும் சிறிது மாற்றப்பட்டு, தென்துருவம் வரை பனியில் ஓடின. அது விளம்பரம் கலந்த சாதனை. ஆனாலும் சாதனை.

*

எங்களுக்கான சோதனை இமயத்திலும் துருவத்திலும் வரவில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வந்தது. கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்து மேற்கே நகர்ந்தபோது, தென்னைகளும் மின்கம்பங்களும் சாலைக்குக் குறுக்கே அடுக்கியதுபோல் விழுந்தன. கார் போகாது. லாரி போகாது. இரண்டு நாள்கள் கழித்து நம் மாணவர் வந்து நின்றார். திருத்துறைப்பூண்டிக்கு அப்பால் ஒரு சிற்றூரில் அவருடைய பெரியம்மாவுக்குச் சர்க்கரை நோய். ஊசி மருந்து தீர்ந்திருக்கும். பனிக்கட்டி நிரப்பிய குடுவையில் மருந்து, மெழுகுவத்தி, பால்மாவு, இரண்டு கேன்களில் குடிநீர். தொட்டிக்கு இருபுறமும் இருந்த அந்தச் சட்டங்களில் கேன்களைக் கட்டினார். பின்னால் நாம் அமர்ந்தோம். ஏன் அமர்ந்தோம் என்பதற்கு இன்றும் தக்க காரணம் இல்லை. சாய்ந்த மரங்களுக்கு அடியில் குனிந்தும், வாய்க்கால் கரைமேல் ஏறியும், சில இடங்களில் அறுத்துப் போட்ட தென்னை மட்டைகளின் மேலேயே உருண்டும் போனோம். வழக்கமாக ஒன்றரை மணி நேரத்தில் முடியும் வழி அன்று ஐந்து மணி நேரம் பிடித்தது. மருந்து போய்ச் சேர்ந்தது.

வழியில் கண்ட ஒன்றையும் நேர்மை கருதிச் சொல்ல வேண்டும். அதே கரைமேல், எங்களுக்கு முன்னும் பின்னும், டி.வி.எஸ். எக்ஸ்எல் மொபெட்டுகள் போய்க்கொண்டிருந்தன. ஒருவர் ஓர் அரிசி மூட்டை, ஒரு ஸ்டவ், தம் தாயார் ஆகிய மூன்றையும் ஏற்றிக்கொண்டு எங்களை முந்திச் சென்றார். 1980-இல் ஓசூரில் பிறந்த டி.வி.எஸ். 50-இன் வழிவந்த இந்தச் சிறுவண்டி, வரப்பிலும் களத்திலும் கடைத்தெருவிலும் ஒன்றுபோல் ஓடுகிறது. திணைமயக்கம் என்று நாம் பெயர் சூட்டிய பண்பை, எந்தப் பெயரும் இல்லாமல் நாற்பதாண்டுகளாகச் செய்துவருகிறது. நாட்டுப்புறப் பாடலை இலக்கிய வரலாற்றில் சேர்க்கலாமா என்று நம் முன்னோர் தயங்கியதுபோல, வண்டிகளின் வரலாறு எழுதுபவர்களும் இதைப் பற்றித் தயங்குகிறார்கள்.

2023 நவம்பரில் ஹிமாலயன் 450 வந்தது; பழைய 411-இன் விற்பனை இந்தியாவில் நின்றது. விலை 2.69 லட்சத்தில் தொடங்கியது. நிறுவனத்தின் வண்டிகளில் முதன்முதலாக நீரால் குளிரும் இயந்திரம், ஏறத்தாழ 40 குதிரைத்திறன், ஆறு கியர். இயந்திரத்துக்குச் ஷெர்பா என்று பெயர். 1960-களில் திருவொற்றியூரில் அதே பெயரில் ஒரு சிறு மோட்டார் சைக்கிள் செய்யப்பட்டது. அதன் நினைவாக வைத்தார்களாம். அளவுகளைப் பார்த்தபோது நம் கண் ஓரிடத்தில் நின்றது. சிலிண்டர் அகலம் 84, வீச்சு 81.5. அரை நூற்றாண்டுக்கு மேலாக நீண்டிருந்த வீச்சு, அகலத்தைவிடக் குறைந்துவிட்டது. இயந்திரம் இனி வேகமாகச் சுழன்றால்தான் முழு வலுவையும் காட்டும். எல்லா வகையிலும் மேலான வண்டி என்று ஓட்டியவர்கள் சொல்கிறார்கள், நம்புகிறோம். உலகத்தார் எழுதும் அதே நடையில், அவர்களுக்கு நிகராக எழுதப்பட்ட நூல். இங்கிலாந்தில் புருன்டிங்தார்ப்பில் உள்ள நிறுவனத்தின் தொழில்நுட்ப மையமும் சென்னையும் சேர்ந்து உருவாக்கியது. வழிநூலின் கடைசி அடையாளமும் அதில் நீங்கிவிட்டது. நீங்கியதற்கு மகிழ வேண்டும். அந்த மெதுவான நடைக்குப் பழகிய காது சற்றே வருந்துகிறது, அவ்வளவுதான்.

நம் மாணவர் 2019 கோடையில் அந்தப் பழைய வண்டியில் கர்துங் லா போய்வந்தார். கணவாயில் இருந்த பலகையின் முன் நின்று எடுத்த படத்தை அங்கிருந்து இறங்கியதும் அனுப்பினார். பலகையில் 18,380 அடி என்றிருந்தது. கருவிகொண்டு அளந்தவர்கள் சொல்லும் உயரம் சுமார் 17,582 அடி. "பலகையில் பாடபேதம் உள்ளது, திருத்திக்கொள்க" என்று பதில் எழுதினோம். "ஐயா, மேலே மூச்சுவிடவே காற்று இல்லை. பாடத்தை ஊருக்கு வந்து ஒப்பிட்டுப் பார்ப்போம்" என்று மறுமொழி வந்தது.

இப்போது அவர் சிங்கப்பூரில் இருக்கிறார். சபுராளியின் மகன் சபுராளி. வண்டி கூத்தாநல்லூரில், முப்பதாண்டுப் பயணத்தை முடித்துக்கொண்டு வந்துவிட்ட அவர் தந்தையிடம் உள்ளது. சென்ற குறுவையின்போது வயலோரம் அவரைப் பார்த்தோம். தொட்டியின் இருபுறச் சட்டங்களிலும் விதைநெல் பைகள் கட்டியிருந்தன. முகப்பில் சின்ன வட்டமாக இருந்ததைக் காட்டி, இது திசைகாட்டி, தெரியுமா என்று கேட்டோம். அவர் அதை ஒரு கணம் பார்த்தார்.

"பள்ளிவாசல் இருக்கிற ஊரில் மேற்கு எது என்று வண்டி சொல்லித்தான் தெரிய வேண்டுமா, வாத்தியாரே?" என்று கூறிவிட்டு, பைகளை ஒருமுறை தட்டிப் பார்த்து, வரப்பில் வண்டியை இறக்கினார்.